காலி மனையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்

1980-களின் நடுவில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு லைசென்ஸ்டு சர்வேயரிடம் டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். சண்முகம் சாலைக் கடைகளுக்குப் பின்பக்கம் ஒரு மாடி அறை. அதில் சாய்வு மேஜை, டீ ஸ்கொயர், செட் ஸ்கொயர், ரோட்ரிங் பேனாக்கள். டிரேசிங் தாளில் மையால் கோடு போடுவோம். கோடு தப்பிவிட்டால் பாதி பிளேடால் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் மறுபடி இழுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டால் தாள் ஓட்டையாகிவிடும். முழு வரைபடத்தையும் முதலிலிருந்து போட வேண்டியதுதான். பிறகு அமோனியா பிரிண்ட். அந்த நெடி சட்டையை விட்டு லேசில் போகாது. பிரிண்ட் காய்ந்ததும் புதிதாக எழும்பப்போகும் சுவர்களுக்குச் சிவப்பு தீட்டுவோம். இடிக்க வேண்டிய பகுதி இருந்தால் மஞ்சள். மனையின் எல்லைக்குத் தடித்த கறுப்புக் கோடு.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் ஒரு கிரவுண்டு வாங்கிச் சொந்தமாக வீடு கட்டிக்கொள்ளலாம் என்று குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் விமானப்படைக்காரர்களும் துணிந்து வந்ததை நான் பார்த்தது அந்த ஆண்டுகளில்தான். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர் சாலை என்று மனைகள் விரிந்துகொண்டே போயின. வருகிறவர்கள் ஒரு துணிப்பையில் கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அந்த ஆளின் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்தப் பைக்குள் இருக்கும். வீட்டுக்காரரின் மனைவி சமையலறை எங்கே வர வேண்டும் என்று சொல்வார்; அவர் அம்மா ஈசானி மூலையைப் பற்றிச் சொல்வார்; நாங்கள் கேட்டுக்கொண்டு பென்சிலால் போடுவோம்.

அப்போது இருந்தது தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. அதன்கீழ் திட்ட அனுமதி. உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் கட்டட அனுமதி. ஒரு வீட்டுக்கு இரண்டு முத்திரை. அப்போது எம்.எம்.டி.ஏ. என்று அழைக்கப்பட்ட பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் முதல் பெருந்திட்டம் 1976-ல் நடைமுறைக்கு வந்திருந்தது. தெருவின் அகலம், மனையின் பரப்பு, நான்கு பக்கமும் விட வேண்டிய காலியிடம், மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற தளப்பரப்புக் குறியீடு எல்லாவற்றுக்கும் அதில் விதி இருந்தது. அந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்பதை எங்கள் சர்வேயர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பக்கவாட்டில் விடும் இடம் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும். தீப்பிடித்தால் ஆள் நுழைவதற்கும் அதுதான் வழி. செப்டிக் டேங்குக்கும் கிணற்றுக்கும் இடையே விடும் தூரம் குடிக்கும் தண்ணீருக்காக. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு கோட்டை அரை அடி தள்ளிப் போடுவது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றியதே இல்லை.

மனுவோடு பிரிண்டுகளைக் கொடுத்துக் கொஞ்ச நாள் கழித்து ஸ்தல ஆய்வு. அந்தந்த அலுவலகத்திலிருந்து ஒருவர் சைக்கிளிலோ டி.வி.எஸ். 50-யிலோ வருவார். டேப்பின் ஒரு நுனியை நான் பிடித்துக்கொள்வேன். தெருவின் அகலத்தை அளப்பார். மனையின் நான்கு கல்லும் இருக்கின்றனவா என்று பார்ப்பார். பக்கத்தில் ஏரி, வாய்க்கால், ரயில்வே எல்லை ஏதாவது இருந்தால் குறித்துக்கொள்வார். மனை காலியாக உள்ளது என்று எழுதிக்கொண்டு, வீட்டுக்காரர் வாங்கிவந்த டீயைக் குடித்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மனையில் அரசாங்கத்தின் கால் படுவது சொத்து வரி போடுகிறவர் வரும்போதுதான். அப்போது வீடு கட்டி முடிந்து, வெள்ளையடித்து, குடித்தனமும் வந்திருக்கும். அவர் அளப்பது வரிக்காக.

இடையில் நடப்பதுதான் வீடு. கடைக்கால் குழி தோண்டுவது, பேஸ்மென்ட் எழுப்புவது, சென்டிரிங் அடித்துக் கம்பி கட்டிக் கான்கிரீட் போடுவது எல்லாம் அந்த இடைப்பட்ட மாதங்களில் நடந்து முடிந்துவிடும். அந்த மாதங்களில் யாரும் வந்து பார்க்க வேண்டும் என்று அலுவலகம் நினைத்ததாக எனக்கு நினைவில்லை. அதனால்தான் தொழிலில் இரண்டு பிளான் பழக்கம் வேரூன்றியது. ஒன்று சாங்ஷன் பிளான், முத்திரைக்கு. இன்னொன்று ஒர்க்கிங் பிளான், மேஸ்திரிக்கு. முதலாவதில் பக்கவாட்டு இடம் விட்டிருக்கும். இரண்டாவதில் அந்த இடத்தில் மாடிப்படி ஏறிப் போகும். முதலாவது பீரோவில் பத்திரத்தோடு தூங்கும். இரண்டாவது சிமென்ட் கறை படிந்து, சென்டிரிங் பலகைக்கு அடியில் மாட்டி, கடைசியில் கிழிந்து போகும். வீடு எப்படி நிற்கிறது என்பதற்குச் சாட்சியாக இருந்த தாள் அதுதான். அது எந்தக் கோப்பிலும் இருக்காது.

ஆனாலும் அந்தக் காலத்து வீடுகளில் பல நன்றாகவே நிற்கின்றன. அதற்குக் காரணமானவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலையூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருந்தார். சுற்றுவட்டாரத்தில் எங்கே தளம் போட்டாலும் முதல் நாள் மாலை அவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையை ஊன்றிக்கொண்டு சாரத்தில் ஏறுவார். குடை நுனியால் கம்பிகளைத் தட்டித் தட்டி இடைவெளியைச் சரிபார்ப்பார். கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டு வைத்திருந்தால் அதை எடுக்கச் சொல்லிவிட்டு, சிமென்ட் கலவையில் வார்த்த கவர் பிளாக் வைக்கச் சொல்வார். கம்பியும் கம்பியும் ஒட்டும் இடத்தில் எவ்வளவு நீளம் ஏறியிருக்கிறது என்று சாண் போட்டுப் பார்ப்பார். கடைசியில் சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் வருவார். அங்கேதான் நேரம் எடுத்துக்கொள்வார்.

பால்கனியின் தாங்கும் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள தளம் வளையும்போது இழுபடுவது மேல்முகம். வீட்டுக்குள் இருக்கும் தளத்துக்குத் தாங்கும் கம்பி பெரும்பாலும் அடியில் வரும் என்பதால், பழக்கதோஷத்தில் இதற்கும் அடியிலேயே கட்டிவிடுவார்கள். சரியாகக் கட்டியிருந்தாலும், கான்கிரீட் கொட்டுகிற ஆட்கள் அதன்மேல் ஏறி நடந்து மிதித்தால் கம்பி கீழே இறங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே பூசி, சுண்ணாம்பு அடித்து, தொட்டிச் செடி வைத்த பிறகு ஒரு மழைக்காலத்தில் அது அப்படியே முறிந்து விழும்.

“மேஸ்திரி, இதை மேலே தூக்கிக் கட்டுங்க. நாற்காலிக் கம்பி போடுங்க. நாளைக்கு எவனும் இதுமேல நடக்கக் கூடாது, பலகை போட்டுத்தான் நடக்கணும்” என்பார்.

“காலைல ஆறு மணிக்கு மிக்சர் வந்துடும் சார்” என்பார் மேஸ்திரி.

“வரட்டும். பெட்ரோமாக்ஸ் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்.”

உட்கார்ந்திருப்பார். கம்பி தூக்கிக் கட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போவார். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. அவர் பார்த்துக் கொடுத்த வீடுகளுக்கு எந்தச் சான்றும் கிடையாது. ஆனால் என் கண்ணெதிரே நடந்த ஒரே உண்மையான கட்டட ஆய்வு அதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நகராட்சி எல்லையைத் தாண்டிய இடங்களில் கதை வேறு. 80-களிலும் 90-களிலும் வயலையும் ஏரிப் பக்கத்து நிலத்தையும் பிரித்து, மஞ்சள் வண்ணம் அடித்த கல் நட்டு, தவணை முறையில் மனை விற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வேனில் கூட்டிப்போய் மதியச் சாப்பாடும் போடுவார்கள். பஞ்சாயத்து அப்ரூவல் என்பது அப்போது மந்திரச் சொல். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குச் சட்டப்படி இல்லை என்பது வாங்கியவர்களுக்குத் தெரியாது. சாலை இருக்கிறது, கல் இருக்கிறது, ரசீது இருக்கிறது, பத்திர அலுவலகத்தில் பதிவும் செய்து கொடுக்கிறார்கள். சாதாரண மனிதன் இதற்கு மேல் எதைச் சந்தேகப்பட முடியும்? அரசாங்கமே முத்திரைத்தாளுக்குக் காசு வாங்கிக்கொண்டு பதிந்து கொடுத்த மனையை, அதே அரசாங்கம் பிற்காலத்தில் அங்கீகாரமற்றது என்று சொன்னபோது அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

விதிமீறல்கள் பெருகியபோது அரசு எடுத்த வழி, கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்துவது. 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியவற்றுக்கு ஒருமுறை மட்டும் தரும் விலக்கு என்றார்கள்; பிறகு அந்தத் தேதியைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2012-ல் 113-சி வந்தது. இம்முறை 2007 ஜூலை 1-க்கு முந்தைய கட்டடங்களுக்கு. ஒழுங்காக இடம் விட்டுக் கட்டியவன் ஏமாளி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். துருக்கியிலும் இப்படி ஒரு பொதுமன்னிப்பு 2018-ல் கொடுத்தார்கள். கட்டணம் செலுத்தினால் விதிமீறிய கட்டடத்துக்குச் சான்று. 2023 பிப்ரவரி 6-ம் தேதி நிலநடுக்கத்தில் அந்த நாட்டில் 50,000 பேருக்கு மேல் இறந்த பிறகு அந்த மன்னிப்பைப் பற்றி உலகமே கேள்வி கேட்டது. கட்டணச் சீட்டு ஒரு தூணுக்குள் கூடுதலாக ஒரு கம்பியைச் செருகிவிடாது.

நடுவில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயமானது. இது ஒன்றை நான் மனமாரப் பாராட்டுவேன். சில மாதங்களிலேயே தெருத்தெருவாகக் குழாய் இறங்கியது. எங்கள் கிணற்றில் அடுத்த நல்ல மழைக்குப் பிறகு தண்ணீர் ஏறியதைக் கயிறு விட்டுப் பார்த்தோம். அப்போது ஆட்கள் நேரில் வந்து பார்த்தார்கள், கெடு வைத்தார்கள். பார்க்க வேண்டும் என்று நினைத்தால் இந்த அரசு எந்திரத்தால் வீடு வீடாகப் போய்ப் பார்க்க முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

2014 ஜூன் 28-ம் தேதி மாலை, போரூருக்குப் பக்கத்தில் மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு மழைக்கு நடுவே சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். அது திட்ட அனுமதி பெற்ற கட்டடம். கோப்பில் எல்லா முத்திரையும் இருந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடமும் பாதுகாப்பற்றது என்று வல்லுநர்கள் சொல்லி, 2016 நவம்பர் 2-ம் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள். தொலைக்காட்சியில் அது சில நொடிகளில் தூசியாக அடங்கியதைப் பார்த்தவர்களுக்குக் கைதட்டத் தோன்றியிருக்கலாம். எனக்கு அந்த 61 பேர்தான் நினைவில் வந்தார்கள். அனுமதி கொடுத்த நாளுக்கும் சரிந்த நாளுக்கும் நடுவே, அந்தத் தூண்களைக் கான்கிரீட் மூடுவதற்கு முன் கேள்வி கேட்கும் அதிகாரம் உள்ள ஒருவர் அங்கே நின்று பார்த்திருந்தால் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

அடுத்த ஆண்டு வெள்ளம். 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு கரை புரண்டதில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் பல நகர்களும் மூழ்கின. படகில் ஆட்களை மீட்டார்கள். நான் போட்ட பிளான்களில் சில வீடுகளும் அங்கே இருந்தன. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். பெயர்ப்பலகை, கேட், கிரில் எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் சேற்றுக் கோடு. ஒரு வீட்டில் மாடிக்கு ஏற்ற முடியாமல் போன நெல் மூட்டை முளைவிட்டு நாறிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி என்னைப் பார்த்து, “தம்பி, நீதானே அப்போ கோடு போட்டுக் கொடுத்தே, ரோட்டுக்கு மேல ரெண்டடி இருந்துச்சே” என்றார். இருந்தது உண்மைதான். சுற்றுத் தரைமட்டத்தைவிட வீட்டின் அடித்தளம் குறைந்தது 45 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நாங்கள் அதைவிட அதிகமாகவே வைத்திருந்தோம். ஆனால் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டினார்கள். வீடு அதே இடத்தில் நிற்க, சாலை மேலே வந்தது. கட்டும்போது படியேறிப் போன வாசலுக்கு இப்போது படியிறங்கிப் போக வேண்டும்.

சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், வீடுகளின் மட்டத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தல் அனுப்பினார். வரவேற்கத்தக்க உத்தரவு. அதற்குள் தென்சென்னைப் புறநகரில் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும் தொழில் பரவிவிட்டது. வேளச்சேரி, மடிப்பாக்கம் தொடங்கிச் சேலையூர் வரை, பழைய வீடுகளின் அடித்தளத்தைத் துண்டித்து, வரிசையாக இரும்பு ஜாக்கிகளைக் கொடுத்து, ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி மூன்றடி நாலடி உயர்த்துகிறார்கள். வீட்டுக்காரருக்கு அது ஓய்வூதியப் பணம். தனிமனிதன் விதிப்படி கட்டி, பொதுச் சாலை விதியை மீறியதற்கான அபராதத்தையும் அந்தத் தனிமனிதனே கட்டுகிறான். இதை எந்த வரன்முறைத் திட்டத்தில் சரிசெய்வது?

2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017-ல் அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்ததும், அதற்குப் பத்திர அலுவலகங்களிலும் உள்ளாட்சி அலுவலகங்களிலும் மக்கள் அலைந்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2019-ல் மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். சிறு கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 1.5-லிருந்து 2 ஆனது. அதே ஆண்டு நவம்பரில் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டம். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி. 70 வார்டு. ஒரே மனை, அதன் தாய்ப்பத்திரத்தில் ஒரு மாவட்டம், கிரயப் பத்திரத்தில் வேறு மாவட்டம், வரி ரசீதில் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று மாறிக்கொண்டே வருகிறது. மனை மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

இப்போது என் அக்கா மகள் மாடம்பாக்கத்தில் வீடு கட்டுகிறாள். ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவான மனை; தரைத்தளமும் ஒரு மாடியும். 2024 ஜூலையில் முதலமைச்சர் தொடங்கிவைத்த சுயசான்றுத் திட்டத்தில் விண்ணப்பித்தாள். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடி என்றால் ஒற்றைச்சாளர இணையதளத்தில் உடனடி அனுமதி. ஸ்தல ஆய்வு கிடையாது. பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை. பத்திரம், பட்டா, வரைபடம், மனையின் புகைப்படம் எல்லாவற்றையும் ஏற்றினாள், உறுதிமொழிக்கு ஒப்புதல் கொடுத்தாள், பணம் கட்டினாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே அனுமதியைப் பதிவிறக்கிக்கொண்டாள்.

“இவ்வளவுதானா மாமா?” என்று கேட்டாள்.

எனக்கு மகிழ்ச்சிதான். ஒரு குமாஸ்தா தன் சேமிப்பைத் துணிப்பையில் சுருட்டிக்கொண்டு மாதக்கணக்கில் எந்த மேஜையில் கோப்பு நிற்கிறது என்று கைகட்டிக் கேட்டு நின்றதைப் பார்த்தவன் நான். டீக்காசு என்ற பெயரில் அந்தச் சேமிப்பு எங்கெங்கே கரைந்தது என்பதும் தெரியும். கட்டணம் எவ்வளவு என்று திரையில் தெரிகிறது, இடைத்தரகர் வேண்டியதில்லை, பெண் ஒருத்தி யாருடைய தயவும் இல்லாமல் தன் பெயரில் அனுமதி வாங்குகிறாள். இந்தத் திட்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும் என்று சொல்பவனோடு நான் சேர மாட்டேன்.

ஆனால் அந்த உறுதிமொழியைப் படித்தபோது கவலை வந்தது. விதிப்படி கட்டுவேன் என்ற பொறுப்பு முழுவதும் அவள் தலையில். அவள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். பால்கனிக் கம்பி மேலே வருமா கீழே வருமா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அன்று ஒருவர் வந்து காலி மனையைப் பார்த்துவிட்டுப் போனார். இன்று அந்தக் காலி மனையையும் புகைப்படமாக அனுப்பிவிடுகிறோம். கட்டுகிற மாதங்கள் அன்றும் யார் கண்ணிலும் படவில்லை, இன்றும் படவில்லை.

வெளியாள் ஒருவர் வந்தார் என்றால் அது வங்கி அனுப்பிய பேனல் எஞ்சினியர். பேஸ்மென்ட் முடிந்ததா, லிண்டல் மட்டம் வந்ததா, தளம் போட்டாச்சா என்று பார்த்து, அடுத்த தவணைக் கடனை விடுவிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். போட்ட பணத்துக்கு ஈடாகச் சுவர் எழும்பியிருக்கிறதா என்பது அவர் வேலை. அதை அவர் ஒழுங்காகவே செய்தார். கடன் கொடுத்தவருக்கு இருக்கும் அக்கறை, அந்த வீட்டுக்குள் படுத்துத் தூங்கப் போகிறவர்களுக்காக ஊராட்சிக்கும் மாநகராட்சிக்கும் இருக்க வேண்டாமா?

சுயசான்று தொடங்கிய அதே ஆண்டு டிசம்பர் 17-ம் தேதி, உத்தரப் பிரதேச மாநிலம் மீரட் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல் கொடுத்தது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் வைக்க வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது நேரில் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். முடிப்புச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர் இணைப்பு தரக் கூடாது. வங்கிகளும் அந்தச் சான்றைப் பார்க்க வேண்டும் என்றது. ஜூலையில் மாநிலம் சிறுவீடுகளுக்கு நேரில் பார்ப்பதை நீக்கியது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நேரில் பார் என்றது. இரண்டுக்கும் நடுவே என் அக்கா மகளைப் போன்றவர்கள் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கரணைப் பக்கம் போனால் வேறொரு காட்சி. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்புநிலத்தின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய அனுமதி தரக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இடைக்கால உத்தரவிட்டது. சதுப்புநிலத்தைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுகருத்து இல்லை. தாம்பரத்துக்குக் கிழக்கே விழும் மழையெல்லாம் ஏரி ஏரியாக வழிந்து கடைசியில் போய்ச் சேருமிடம் அது. சதுப்பின் எல்லையையும் அதன் தாக்க மண்டலத்தையும் முன்கூட்டியே தரையில் அளந்து அறிவித்திருந்தால், பக்கத்துத் தெருவில் ஒரு அறை கூட்டிக் கட்ட நினைக்கும் ஓய்வூதியக்காரர் பெரிய கட்டுமான நிறுவனத்தோடு ஒரே தடையில் மாட்டியிருக்க மாட்டார்.

தெலங்கானாவில் 2020-ல் இதே போன்ற உடனடி அனுமதியைக் கொண்டுவந்தபோது, அனுமதி கொடுத்த பிறகு அதிகாரிகள் மனைக்குப் போய்ச் சரிபார்க்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே வைத்தார்கள். நாம் அதைவிட ஒரு படி மேலே போகலாம். கடைக்கால் குழி திறந்திருக்கும் நாள், பேஸ்மென்ட் மட்டம் எட்டும் நாள், தளத்துக்குக் கம்பி கட்டி முடியும் நாள். இந்த மூன்றையும் வீட்டுக்காரர் அதே இணையதளத்தில் முன்கூட்டிப் பதிய வேண்டும். பதிந்த வீடுகளில் குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு ஒரு பொறியாளர் போய்ப் பார்க்கட்டும். யார் வீட்டுக்கு வருவார் என்று யாருக்கும் முன்பே தெரியாது என்றால் எல்லா மேஸ்திரியும் எல்லா வீட்டிலும் ஒழுங்காகக் கட்டுவார். எல்லாக் கோப்பையும் சுமந்துகொண்டிருந்த அலுவலர்களின் நேரம் சுயசான்றால் மிச்சமாகியிருக்கிறதே, அதை இதற்குக் கொடுக்கலாம். பதிவு பெற்ற பொறியாளர்கள் இருக்கிறார்கள். பொதுப்பணித் துறையிலும் ரயில்வேயிலும் ஓய்வுபெற்ற அனுபவசாலிகள் ஒவ்வொரு வார்டிலும் சிலராவது இருப்பார்கள். ஒரு வருகைக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம் வைத்தால் மகிழ்ச்சியோடு வருவார்கள். கம்பி கட்டிய தளத்தின் புகைப்படமும் பார்த்தவரின் கையெழுத்தும் அனுமதியோடு சேர்ந்து இணையதளத்திலேயே இருக்கட்டும். பிற்காலத்தில் அந்த வீட்டை வாங்குகிறவரும் பார்க்கலாம்.

மாடம்பாக்கத்து வீட்டில் மாடித்தளம் போடுவதற்கு முதல் நாள் நான் போனேன். சேலையூர் பொறியாளர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவரிடம் கற்றது மட்டும் என்னிடம் இருக்கிறது. கூடவே இப்போது வேலையில் இருக்கும் ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரையும் கட்டணம் கொடுத்து வரவழைத்தோம். பிளாஸ்டிக் கவர் பிளாக் எல்லா இடத்திலும் ஒழுங்காக இருந்தது. பால்கனியில் மூன்று இடத்தில் கம்பி இறங்கியிருந்தது. மேஸ்திரி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. செல்போன் வெளிச்சத்தில் தூக்கிக் கட்டினார்கள். என் அக்கா மகள் அதைப் படம் எடுத்து, பொறியாளரிடம் தேதியோடு ஒரு தாளில் எழுதி வாங்கி, அனுமதிக் கடிதத்தோடு வைத்துக்கொண்டாள். அந்த இணையதளத்தில் இதை ஏற்றுவதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. அப்படி ஓர் இடத்தைத் திறந்துவிடும்படி எங்கள் வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சியிலும் மனு கொடுத்திருக்கிறோம். தெருவில் இந்த ஆண்டு கட்டத் தொடங்கியிருக்கும் மற்ற வீட்டுக்காரர்களும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.